எமெட்டின் தோலுக்கு நான் செய்தது

பிள்ளைகளின் துணிக்கு நான் வாசனை சோப்புத்தூள் போடுவதே இல்லை. தோலுக்கு ஆகாது. இந்த டுலூத் நகரில் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிற மற்றவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன்.

எமெட்டுக்கு இரண்டு வயது. முழங்கை மடிப்பிலும் கால்களிலும் கரப்பான். தோல் வெடித்து நீர் கசியும். நாளெல்லாம் சொறிந்துகொண்டு அழுவான். அவன் அழுதால் மற்ற மூவரும் அழுவார்கள். வெளியே பனி, பிள்ளைகளை முற்றத்தில் விடவும் வழியில்லை. அது ஒட்டுமா என்று வேறு மற்ற அம்மாக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அவன் அம்மா ட்ரீனாவிடம் புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். அவள் வாசலிலேயே நின்று, வேலைக்கு நேரமாகிறது என்ற முகத்தோடு, களிம்பு டப்பாவை என் கையில் திணித்தாள்.

"டாக்டர் குடுத்த இது மட்டும் போதும் லோர்னா. ஸ்பிரிட்டு, கிருமி மருந்து எதுவும் அவன் மேல படவே கூடாது. வெடிச்ச தோலு, நேரா ரத்தத்துல போயிடுமாம்."

"ஒரு மாசமா தடவுறேன். என்ன மாறுச்சு, நீயே சொல்லு."

"கொஞ்சம் பொறுமையா இருங்க. சின்னப் பிள்ளைதான?"

பொறுமை. அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிப் போனாள்.

அன்று பழைய தலையணை உறையைக் கிழித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, அவன் கைகால்களில் சுற்றினேன். மேலே பைஜாமா போட்டுவிட்டேன். முதலில் கத்தினான். எரியத்தானே செய்யும். பிறகு அடங்கித் தூங்கிவிட்டான். அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாகக் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் எனக்குக் கேட்டது. தேநீரைச் சூடாகக் குடித்தேன்.

மாலையில் ட்ரீனா அவனைத் தூக்கி முகர்ந்தாள். "என்னமோ மணக்குதே" என்றாள். மேசை துடைத்தேன் என்றேன். அவளும் களைத்திருந்தாள், மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன்பின் தினமும் சுற்றினேன். எழுந்தால் தள்ளாடி நடப்பான். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். தோல் இன்னும் சிவந்தது உண்மைதான். நோய் வெளியேறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவனை எழுப்பினேன், எழவில்லை. உதடு நீலமாக இருந்தது, மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. துணிகளை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். உடம்பைக் கழுவி, டாக்டரின் களிம்பை எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தடவி, ஜன்னலைத் திறந்து வாடை போகவிட்டேன். பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். அதற்குள் மூச்சு நின்றிருந்தது. முதலிலேயே அழைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். அந்த நிலையில் ஒரு பிள்ளையை வெளியாட்கள் கண்ணில் காட்ட முடியுமா?

மற்ற மூன்று பிள்ளைகளின் ரத்தத்திலும் ஸ்பிரிட் இருந்ததாகச் சொல்கிறீர்கள். அவர்களுக்குத் தோலில் ஒன்றுமே இல்லையே என்கிறீர்கள். ஆமாம், இல்லை. வராமல் பார்த்துக்கொண்டது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.