இணைய எண்ணுக்கு உள்ளூர்க் கட்டணமே கேட்கிறோம்

மேடைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, இந்தத் தொலைபேசிப் பயனாளர் சங்கத்தைத் தோளில் சுமந்த மூத்தோரே, வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, எங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கும் தொலைபேசி நிறுவன அதிகாரி அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்கு மேடை புதிது. முப்பத்தெட்டு ஆண்டுகள் பதிவறையில் கோப்புகளோடு பேசிப் பழகியவன். கோப்புகள் கைதட்டுவதில்லை, பாதியில் எழுந்து போவதுமில்லை. என்ன, பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? இதோ, ஒலிவாங்கியை நெருங்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு தட்டச்சுக்காரம்மா இருக்கிறார். கால் முறிந்த பிறகு அவரால் அலுவலக மாடிப்படி ஏற முடியவில்லை. வெளியூர் அச்சகம் ஒன்று வேலை கொடுத்தது. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து, மோடத்தைத் தொலைபேசியில் இணைத்து அனுப்பினால் போதும். கம்பி இருந்தால் வேலை உண்டு; கம்பி அறுந்தால் வேலை இல்லை.

அவருக்குக் கணினியை அமைத்துக் கொடுத்தவன் யார்? நான். தொலைபேசி நிறுவனம் கொடுத்த அட்டையைப் பார்த்து, மோடம் அழைக்க வேண்டிய இணைய எண்ணைப் பதிந்தவன் யார்? நான். பக்கத்தில் 'ஊர்க்குறியீடு' என்று ஒரு கட்டம் காலியாக இருக்க, அட்டையில் அச்சிட்டிருந்த குறியீட்டை அதில் நிரப்பிய புண்ணியவான் யார்? அவனும் நான்தான். சிரியுங்கள், தாய்மார்களே, சிரிக்க வேண்டியதுதான்.

அடுத்த கட்டணச் சீட்டு பதினோரு மடங்காக வந்தது. இரண்டு வாரத்தில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம்.

"அண்ணா, வெளியூர்ல யார்கூட இவ்ளோ நேரம் பேசினேன்னு வீட்டுக்காரர் கேக்கறாரு. நான் எங்க பேசினேன்? அந்தப் பெட்டிதானே கீச்சுக்கீச்சுன்னு கத்துச்சு!" என்றார் அந்த அம்மா.

சீட்டோடு நிறுவனத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த எழுத்தர் பொறுமையாகச் சொன்னார்: "நேரா அந்த எண்ணைப் போட்டா உள்ளூர்க் கட்டணம் சார். குறியீட்டோட போட்டா வெளியூர்க் கட்டணம். ரெண்டும் போய்ச் சேர்றது ஒரே இடம்தான். மெஷினுக்கு அது தெரியாதே!"

அதே எண்! அதே கம்பி! அதே கீச்சொலி! முன்னால் நின்ற மூன்று இலக்கங்களுக்கா இத்தனை பசி?

திரும்பி வந்து, "தப்பு என்னுடையதும்மா" என்றேன். "ஒரு கட்டம் காலியா இருந்தா உங்களுக்குச் சோறு இறங்காதே அண்ணா! சரி, ஆனது ஆச்சு. இனி என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க" என்றார் அவர்.

என்ன செய்வது? கதவைத் தட்டவே கூசுகிறவன் நான். ஆனாலும் மோடம் வைத்திருக்கும் பத்தொன்பது வீட்டுக் கதவுகளைத் தட்டினேன். பதினான்கு வீடுகளில் இதே குறியீடு, இதே கட்டணம்! ஒருவர் தவறினால் கவனக்குறைவு எனலாம். பதினான்கு பேரைத் தவற வைத்தது அந்த அட்டை அல்லவா?

அதிகாரி அவர்களே, நாங்கள் இலவசம் கேட்கவில்லை, சலுகை கேட்கவில்லை. எப்படி அழைத்தாலும் இணைய எண்ணுக்கு உள்ளூர்க் கட்டணமே போடுங்கள். அட்டையைத் திருத்துங்கள். முடிவு தெரியும்வரை யாருடைய இணைப்பையும் துண்டிக்காதீர்கள். இந்த மூன்றையும் கேட்பவர்கள் கையை உயர்த்துங்கள்!

அடேயப்பா! எண்ண முடியவில்லையே! மோடம் இல்லாதவர்களும் உயர்த்தியிருக்கிறீர்கள். நெஞ்சு நிறைகிறது.

என்ன சொன்னீர்கள், அதிகாரி ஐயா? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். "இணைப்பைத் துண்டிக்க மாட்டோம், மற்ற இரண்டையும் மேலிடத்தில் நானே பேசுகிறேன், எண்களைக் கொடுங்கள்" என்கிறார். கேட்டீர்களா? கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன்!

பதினான்கு எண்களும் இந்தத் தாளில் இருக்கின்றன. பெயர்களின் அகரவரிசைப்படிதான் எழுதினேன், ஆனால் வரிசையை மீறி, தட்டச்சுக்காரம்மாவின் எண்ணை முதலில் வைத்திருக்கிறேன். நாளை காலை அவர் நாற்பது பக்கம் அனுப்ப வேண்டும்.

என் நடுங்கும் குரலைப் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.