ஐந்து வருடம் பிந்தி வந்த சேதி

அவைத் தலைவர் சடையப்பன் ஐயா அவர்களே! தகப்பனைப் பறிகொடுத்து நிற்கும் பிரிசில்லா அவர்களே! சிதம்பரத்துப் பெரியோர்களே! கடலூர்க் கரையிலிருந்து என்னோடு பஸ் ஏறி வந்த பெண்களே!

முதலில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன். போன வாரம் நம்மை விட்டுப் போன வரலாற்று ஆசிரியர் லூர்துசாமி அவர்கள் அப்படித்தான் பாடத்தைத் தொடங்குவார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் பொங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கரையில் இருந்தவர்கள் இவர்கள். மங்கலம். தில்லையம்மாள். ஞானாம்பாள். தங்கராசு. என் பேத்தி வித்யா. லூர்துசாமி வாத்தியார். மீன் விற்கிற குப்பு, அதாவது நான். ஏழு பேரில் ஞானாம்பாளும் வித்யாவும் திரும்பவில்லை.

ரிடையரான மனிதர், ஞாயிறுதோறும் இந்தச் சிதம்பரத்துச் சர்ச்சில் முதல் பூசை முடித்து, கடலூருக்குப் பஸ் பிடித்து வந்து மீன்காரிகளுக்குப் பாடம் சொன்னாரே, அப்படி வேறு யார் உண்டு? என்ன பாடம் தெரியுமா? பிரெஞ்சுப் புரட்சி!

தில்லையம்மாள் கேட்டாள்: "அவுங்க ஊரு சண்டை நமக்கு எதுக்கு வாத்தியாரே? நெத்திலி வெல ஏறுமா?"

வாத்தியார் சிரித்துக்கொண்டே கடலைக் காட்டினார். "அந்தக் கதையில ஒரு துண்டு இங்க கெடக்குது தில்லையம்மா."

அவர் சொன்ன கதை இது. ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று, ஆனி மாதம். அமெரிக்காவுக்காக முட்டிக்கொண்ட பிரான்சும் இங்கிலாந்தும் நம் கடலூர்க் கடல்வரை வந்து குண்டு போட்டன. ஆனால் ஐரோப்பாவில் ஐந்து மாதம் முன்பே சமாதானம் பேசியாகிவிட்டது! சேதி மட்டும் வந்து சேரவில்லை. முடிந்துபோன சண்டையில் செத்தார்கள், ஐயா! அப்படிப்பட்ட சண்டைகளில் ராஜாவின் கஜானா வற்றியது. பிறகு அவன் நாட்டில் ஆலங்கட்டி விழுந்து கோதுமை போனது, ரொட்டி போனது. பாரீஸ் மீன்காரிகள் மற்ற பெண்களோடு மழையில் நனைந்தபடி அரண்மனைக்கு நடந்து, ராஜாவைக் கையோடு ஊருக்குக் கூட்டி வந்தார்கள்.

"அந்த மீன்காரிங்க பேரு என்னா?" என்று கேட்டேன்.

"முக்காவாசிப் பேரு பேர எவனும் எழுதலம்மா" என்றார் வாத்தியார். அடுத்த வாரமே எங்கள் பேரை எழுத ஒரு நோட்டு வாங்கி வந்தார்.

புரட்சியின் விளைவையும் சொன்னார். எங்கோ பிரான்சு பிடித்து வைத்திருந்த ஒரு கரும்புத் தீவில் அடிமைகள் சேதி கேட்டு, மனுஷன் என்றால் நாங்களும்தானே என்று எழுந்தார்கள். பக்கத்துப் புதுச்சேரியிலோ வெள்ளைக்காரர்கள் சபை கூட்டினார்கள், தமிழனுக்கு நாற்காலி இல்லை. "விடுதலைகூட ஆளு பாத்துத்தான் கப்பல்லேருந்து எறங்கிச்சு குப்பு" என்பார்.

கடலூரில் குண்டு போட்ட அந்தக் கப்பல்களின் பீரங்கி ஒன்றாவது இந்தக் கடலடியில் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கடல் பொங்கிய அன்று காலை, முதலில் அது பின்வாங்கியது. சத்தமே இல்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் பார்க்காத தரை பளபளவென்று கிடந்தது. மீன்கள் துள்ளின. ஒரு காக்கைகூடக் கீழே இறங்கவில்லை. தூரத்தில் கறுப்பாக, நீளமாக ஒன்று.

"வாத்தியாரே, ஒங்க பீரங்கி!" என்று கத்தினாள் ஞானாம்பாள்.

ஆயுசு முழுக்கத் தேடிய பொருள். அவர் அதை நின்று பார்த்தாரா? இல்லை! கடலுக்கு முதுகைக் காட்டி, "மேட்டுக்கு ஓடுங்க!" என்று அலறி மங்கலத்தை இழுத்தார். அது பீரங்கியா பனங்கட்டையா, இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார். அதே நோட்டு, அதே பேர்கள். செத்தவர் பேர் வந்தால் சொந்தக்காரர் 'உள்ளேன்' சொல்ல வேண்டும். ஓர் ஆடி மாத ஞாயிறு, ஆத்திரத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"வித்யா."

மறுபடியும் கூப்பிட்டார்.

"வித்யா."

கடல் பக்கமிருந்து ஒரு பிள்ளைக் குரல் வந்தது: "உள்ளேன் ஐயா."

மங்கலமும் கேட்டாள். தில்லையம்மாளும் கேட்டாள். வாத்தியார் குனிந்தபடியே டிக் போட்டார்.

என் ஆத்திரம் உங்களுக்குத் தெரியும். பீரங்கிக் கதை சொல்லிப் பிள்ளையைக் கொன்றவர் என்று ஐந்து வருடம் பஸ்ஸிலும் சந்தையிலும் பேசினேன். இந்த மண்டபத்திலும் சிலர் அதைத்தான் கிசுகிசுக்கிறீர்கள். ஒரு நாளாவது அவர் மறுத்தாரா? மறுக்கவில்லை! மறுத்திருந்தால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஞானாம்பாள் கத்தியதும் நானும் பேத்தியும் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

"ஆயா, பாத்துட்டு வரட்டா?" என்றாள் வித்யா.

"ஓடுடி, தொட்டுப் பாத்துட்டு வா. நாமதான் மொதல்ல சொல்லணும்" என்றேன் நான்.

அவர் கை நீட்டும் தூரத்தில் நின்றார். அவளைத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை காற்றாய்ப் போய்விட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அந்த அலை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்ததாம். அந்தச் சேதியும் வரவில்லை. என் சேதியோ ஐந்து வருடம் பிந்தி, கேட்க வேண்டியவர் போன பிறகு வருகிறது. அவர்மேல் குற்றமில்லை. இதை வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்!

பிரிசில்லா அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். வாத்தியார் கற்றுக்கொடுத்த எழுத்தால் அவர் பேரை நானே அதில் எழுதினேன். பேர் தெரியாத பாரீஸ் மீன்காரிகளுக்கும் ஒரு வரி விட்டிருக்கிறேன். இனி ஞாயிறுதோறும் நாங்கள் கூப்பிடுவோம். ஒரு பேரும் விடமாட்டோம்!

தங்கராசு, அன்று எங்களை விட்டுவிட்டு மொபெட்டில் தனியாக ஓடினாயே, இன்றோடு உன்னை மன்னித்தேன். கடலையும் விட்டுவிட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்கமாட்டேன். அவள் பேர்தான் கடைசி.

குப்பு.

உள்ளேன் ஐயா.