தேதி எழுதாத தண்ணீர்

காரில் பிஸ்தா தின்பவர்களை நான் தடுத்ததில்லை. ஓடு போட ஒரு பை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். என் கணவர் கிளேடின் தம்பி வெர்ல் மட்டும் ஓட்டை ஜன்னல் வழியாகப் போட்டுக்கொண்டே வந்தான். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. சிரித்தால் பள்ளிக்கூடப் பையன்.

"அண்ணி, இது பிஸ்தா ஓடு. அணுகுண்டுச் சோதனையையே தாங்கின பாலைவனம், இதைத் தாங்காதா?"

"விடு நெட்ரா, தொட்டில்லயே பாலைச் சிந்திக்கிட்டுக் கிடந்தவன் அவன்," என்றார் கிளேட்.

நானும் சிரித்தேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், டெபுடி. ஆளில்லாத சாலை, பழைய பாட்டு, வழியில் மில்க் ஷேக். நல்ல பயணம்.

முழங்கால் வலியால் கிளேட் மேட்டிலேயே, வண்டி நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டார். நானும் வெர்லும் பள்ளத்தாக்கில் இறங்கினோம். சுமை குறையட்டும் என்று பாதி வழியில் ஒரு ஜூனிப்பர் புதரடியில் தன் தண்ணீர்க் கேனை வைத்தான். திரும்பும்போது குடிக்க. இங்கே நடப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். கேனில் பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதை யாரும் தொடக்கூடாது. அது எங்கள் ஊர் மரியாதை.

பிறகு பள்ளத்தாக்கு கிளை கிளையாகப் பிரிந்தது. வழி தெரிய ஒவ்வொரு முனையிலும் கல் அடுக்கினான். பாறை ஓவியங்கள் இருக்கும் இடம் வரை போக ஆசை அவனுக்கு. போன வருடம் அப்படி ஓர் ஓவியத்தின் மேல் தன் பெயரைக் கீறியவன். ஆயிரம் வருடத்து மான்; அதன் வயிற்றில் 'வெர்ல்'.

"நீங்க போங்க அண்ணி. ஒரு மணி நேரத்துல வந்துடுறேன். எனக்கும் லெமனேட் எடுத்து வைங்க."

நான் தனியாகத் திரும்பினேன். வழியில் கல் அடுக்குகளைக் கலைத்தேன். எறியவில்லை, ஒவ்வொரு கல்லையும் அது கிடந்த பள்ளத்திலேயே திருப்பி வைத்தேன். பாலைவனத்தைப் பழையபடி வைக்கப் பத்து வருடமாகத் தன்னார்வலராகச் செய்யும் வேலை. யாரும் நடந்த சுவடே தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கேனையும் எடுத்துக்கொண்டேன். அவனுடையது என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தேதி இல்லை. தேதி இல்லாவிட்டால் அது குப்பை. விதியை நான் எழுதவில்லை.

"வெர்ல் எங்க?" என்றார் கிளேட்.

"வர்றான். அவன் அவசரப்பட்டு என்னைக்குப் பார்த்தீங்க?"

அந்தத் தண்ணீரிலேயே லெமனேட் கலந்து கொடுத்தேன். தண்ணீரை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. வெயில் தணியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கிளேட் இரண்டு முறை ஹாரன் அடித்தார். உங்களைக் கூப்பிடலாம் என்றபோது, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றேன். இருட்டிய பிறகுதான் கூப்பிட்டோம்.

தவறான கிளையில், பாறையடியில் அவன் உடலைக் கண்டெடுத்தீர்கள் என்றார்கள். பக்கத்தில் பாறையில் ஏதோ கீறியிருக்கிறானாம். என்ன எழுதியிருக்கிறான் என்று நான் கேட்கப்போவதில்லை. எவ்வளவு ஆழம் என்று மட்டும் சொல்லுங்கள். அது மென்மையான பாறை. நீங்கள் அனுமதித்தால் ஒரு பிரஷ் கொண்டுபோய் நானே துடைத்துவிட்டு வருகிறேன்.