லேப்டாப்புக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை

பெரும்பாலானவர்கள் லேப்டாப்பைத் தப்பாகத்தான் துடைக்கிறார்கள். திரையின் மேல் நேராகத் தண்ணீரைத் தெளித்து, கையில் கிடைத்த துண்டை எடுத்து, பஸ் கண்ணாடியைத் தேய்ப்பதுபோலத் தேய்க்கிறார்கள். மிருதுவான துணி வேண்டும். அதில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான் ஈரம் இருக்கலாம். மேலிருந்து கீழாக, அழுத்தாமல் துடைத்தால் திரை பளிச்சென்று சிரிக்கும்.

என் பெயர் தங்கதுரை. மலையாளத்து எல்லையோரம் முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு. காம்புப்பால் தோலில் படாமல் வடியவிட்டு, வைக்கோல் பரப்பி மாங்காய் அடுக்குகிற கை இது. ஒரு கீறல் விழுந்தால் காய் போச்சு. அதனால் பொருளைப் பதனமாகக் கையாள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லேப்டாப் என் மனைவி கிருத்திகாவுடையது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. ஆனால் கீபோர்டுக்கு மேலேயே முறுக்கைக் கடிப்பாள். அந்தத் தூளையெல்லாம் பிரஷ் வைத்து எடுப்பது நான்தான்.

லேப்டாப்புக்கு முதல் எதிரி சூடு. மெத்தையில் வைக்கக் கூடாது, மடியிலும் வைக்கக் கூடாது. தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் உடனே அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். நான் கொடுத்தேன். கிருத்திகா மீட்டிங்கில் இருந்தாலும் தாட்சண்யம் பார்த்ததில்லை. அவள் கூட வேலை செய்கிறவர்களோடு சிரித்துப் பேசும்போதுதான் அது அதிகமாகச் சூடாகும். இதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன்.

அடுத்தது பாதுகாப்பு. ஊர் பேர் தெரியாதவனெல்லாம் உள்ளே புகுந்துவிடுகிற காலம் இது. அதனால் பாஸ்வேர்டை மாற்றி நானே வைத்துக்கொண்டேன். காலையில் அவள் காபி கொண்டுவந்து கொடுத்ததும் நான் திறந்து கொடுப்பேன். புருஷன் பெண்டாட்டிக்குள் அதில் ஓர் அன்யோன்யம் உண்டு. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்று நாலைந்து தடவைக்கு மேல் அவள் சொன்னதில்லை.

போன புரட்டாசியில் ஒருநாள் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, நவமியன்னைக்கு எனக்கு ஒரு பெரிய இன்டர்வியூ இருக்குதுங்க. பெங்களூர்க் கம்பெனி. செலக்ட் ஆனா அங்கயே போயிரோணும். இந்த வருசம் என்ற லேப்டாப்ப மட்டும் பூஜைக்கு வெச்சுப்போடாதீங்க."

"ஆகட்டும் கண்ணு," என்றேன்.

எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் அஷ்டமி சாயங்காலம் பகவதி கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். சாந்தி என்று நாங்கள் சொல்கிற கோயில் பூசாரி அவற்றை வாங்கி உள்ளறையில் அடுக்கிப் பூட்டுவார். விஜயதசமி காலையில் பூஜை முடிந்துதான் கையில் கிடைக்கும். நடுவில் யார் கேட்டாலும் கதவு திறக்காது. பெங்களூர்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, அவர்கள் பாட்டுக்கு நவமியில் தேதி வைத்துவிட்டார்கள்.

அஷ்டமியன்று கிருத்திகா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். லேப்டாப் மேஜையில் சும்மா கிடந்தது. வருஷம் பூராவும் உழைக்கிற ஒரு ஜீவனுக்கு வருஷத்தில் ஒருநாள் தெய்வ சந்நிதியில் இடம் கிடைக்கக் கூடாதா? மனசு கேட்கவில்லை. புதுத்துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போனேன். சந்தனம் காற்றோட்டத் துளையில் இறங்கிவிடும், மூடிமேல் மட்டும் வையுங்கள் என்று சாந்தியிடம் சொல்லிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

காலி மேஜையைப் பார்த்ததும் கிருத்திகா ஈரத்தலையோடு கோயிலுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"தசமிக்குத்தான் எடுக்கலாம் மோளே. பகவதிக்கு முன்னால வெச்சுப் பூட்டியாச்சில்லே," என்றார் சாந்தி.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "மறந்துபோச்சு கண்ணு," என்றேன். மறக்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு நிமி டீச்சரிடம் போய் அவருடைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வந்தாள். அங்கே விருந்தாளிகள் கூட்டம் என்பதால், மறுநாள் காலையில் எங்கள் வீட்டு அறையிலேயே சார்ஜர் வயரை மாட்டி உட்கார்ந்தாள். நல்ல நீலப் புடவை. அழகாக இருந்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நிமி டீச்சரின் லேப்டாப்பையும் போன மாதம் துடைத்துக் கொடுத்தவன் நான்தான். பேட்டரி செத்துப்போன மெஷின். கரன்ட் போனால் அந்த நிமிஷமே அணைந்துவிடும். இன்டர்வியூ ஆரம்பித்து, கிருத்திகா ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் யாரோ "வெரி குட்" என்று சொன்னது எனக்கு வாசல் வரை கேட்டது. நான் மீட்டர் பெட்டியைத் திறந்து ஃப்யூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் வெளியே வந்தாள். நிமி டீச்சர் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் பெட்டியைப் பார்த்தாள், என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"ஏனுங்க இப்பிடிப் பண்ணுனீங்க?"

"இடி இடிச்சா மெஷின் கெட்டுப்போயிரும் கண்ணு. அதான் கழட்டி வெச்சேன்."

அவள் வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கள் ஊருக்குத் தெற்கே நிற்கிற தென்மலை உச்சிவரை பளிங்குபோல இருந்தது.

பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வருகிற மாதிரிச் சிரித்தாள். அப்படியே போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினாள். "சார், எங்க வீட்ல ஃப்யூஸ் போயிருச்சுங்க, போட வழியில்லைங்க," என்றாள். அவர்களும் சிரித்திருக்க வேண்டும், வேறொரு நாள் கொடுத்தார்கள். அன்று மத்தியானமே பொள்ளாச்சி பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்தே பேசி, வேலையும் வாங்கிவிட்டாள். இப்போது பெங்களூரில் இருக்கிறாள்.

தசமியன்று லேப்டாப்பை வாங்கிவந்து, துடைத்து வைத்தேன். அவள் பெங்களூர் போன பிறகு, எப்போது வருகிறாய் என்று கேட்கப் போன் செய்தேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. எனக்கு இங்க புதுசு குடுத்துட்டாங்க," என்றாள். குரலில் அவ்வளவு தெம்பு. அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை.

அவளுடைய அண்ணன் வந்து, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை உட்கார வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்றார். சொன்னேன். தேதி தெரிந்தேதான் கோயிலில் வைத்தேன். மேகமில்லாத வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஃப்யூஸைக் கழற்றினேன். செய்ததை இல்லை என்று சொல்கிற ஆள் நானில்லை. ஆனால் அவள் பெங்களூர் போய்விடக் கூடாதென்று செய்தேன் என்கிறார்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்து வைத்திருந்தவன் நான். போகட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோயிலும் வேண்டாம், ஃப்யூஸும் வேண்டாம். போகக் கூடாது என்று நேராகவே சொல்லியிருப்பேன்.