மச்சான் துடைத்த மஞ்சள் கோடு

என் மச்சானிடம் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, விரலை நக்குவதைத் தவிர. இடது காது சுத்தமாகக் கேட்காது. அது பழக்கமல்ல, பிறவி. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் ஐயா, எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் ஜவுளிக்கடையை மூடிவிட்டு என் கனிமக் கடைக்குக் கூட்டாளியாக வந்தார். கல் அசலா என்று பார்க்க, மெருகில்லாத வெள்ளை ஓட்டில் உரசுவோம். விழும் கோட்டின் நிறம் பொய் சொல்லாது. மச்சான் விரலை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டைத் துடைப்பார். அடுத்த கோட்டுக்கு அதே விரல், அதே நாக்கு. துணி பக்கத்திலேயே கிடக்கும்.

என்னிடம் ஒரு குரோகோயிட் இருந்தது. ஈயத் தாது நிலத்தின் மேல்மட்டத்தில் சிதைந்து, குரோமியம் உள்ள பாறையோடு சேர்ந்தால்தான் அது பிறக்கும். அந்தச் சம்பந்தம் லேசில் அமையாது. தீக்குச்சி கனத்தில் செம்மஞ்சள் படிகங்கள். தட்டினால் பொடி. வெளிச்சத்தில் மங்கும் என்று இழுப்பறையில் பஞ்சு மெத்தை போட்டிருந்தேன். எனக்குப் பிள்ளையில்லை.

மச்சான் அதை ஓர் ஓவியருக்கு விலை பேசிவிட்டார். பழைய காலத்து மஞ்சள் வேண்டுமாம், அரைத்துக் குழைப்பாராம்.

"கல்லுதானே மாப்ளே, வேற வாங்கிக்கலாம்."

இழுப்பறையைப் பூட்டினேன். ஆனால் சண்டை போடவில்லை.

"உடைஞ்ச துண்டுலயே அந்த மஞ்சள் கிடைச்சா இதைக் குடுக்க வேணாமே. உரசிப் பாருங்களேன்," என்றேன்.

கூடை கூடையாக ஈயத் தாதுகளின் உதிரித் துண்டுகள் வரவழைத்தேன். பாவம், பொறுப்பான மனிதர். மாதக்கணக்கில் தினமும் உரசினார், துடைத்தார், நக்கினார். வயிற்றுவலி வந்தது. "வாய்வுடா தம்பி," என்றாள் அக்கா. இருக்கும் என்றேன். பிறகு மணிக்கட்டு தொங்கிப்போய் ஓட்டைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். அக்கா புருஷனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஈறில் ஓடிய நீலக் கோட்டை டாக்டர் கவனித்தபோது காலம் கடந்திருந்தது.

கல் பத்திரமாக இருக்கிறது. சாட்சிக்கு எடுத்துப் போனால் துணி போட்டு மூடுங்கள், வெளிச்சம் ஆகாது.

நான் ஒரு வார்த்தைகூட எச்சரிக்கவில்லை என்று அக்கா அழுகிறாளாம். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் நாளே சொன்னேன். "மச்சான், இது ஈயம், விஷம், நக்காதீங்க," என்று அவருடைய இடது பக்கம் நின்று, தெளிவாகச் சொன்னேன்.