சாய்ந்து நிற்பது நிற்பதாகாது

இந்த மேசை ஆடுகிறது. ஒரு தாளை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தால் நின்றுவிடும். என் வகுப்பில் எல்லா மேசைக்கும் நான்தான் வைப்பேன், எழுதும்போது ஆடினால் பிள்ளைகளுக்குக் கவனம் போய்விடும். நீங்களும் எழுதத்தானே போகிறீர்கள், அதனால் சொன்னேன்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். நான் குடிமையியல் ஆசிரியர். எங்கள் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்காக அரங்கத்தில் மாதிரி சட்டமன்றம் ஒன்று நடக்கிறது. அதைத் தொடங்கியதும் அதற்கு விதி எழுதியதும் நான். பேசக் கூச்சப்பட்டுக் கதவோரம் ஒளியும் பிள்ளை, வருடக் கடைசியில் எழுந்து நின்று ஆளுங்கட்சியைக் கிழிகிழியென்று கிழிக்கும். எனக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஒழுங்குப் பிரச்சினை'. அவையில் யாராவது விதி மீறினால் குறுக்கிட்டு எழுப்புவது அது. எதற்கெடுத்தாலும் அதை எழுப்புகிறேனாம். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. என் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை. "சோறு போடவும் தீர்மானம் கொண்டு வரணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். பிறகு தன் தம்பி வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். நான் குறை சொல்லவில்லை. எனக்கு அந்த அரங்கம் இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில் பள்ளியைப் பற்றிய உண்மையான மசோதா ஒன்றை எடுப்பார்கள். நிறைவேறினால் தலைமையாசிரியர் அதைச் செய்தே ஆக வேண்டும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் அப்படித்தான் வந்தது. விளையாட்டு வெறும் விளையாட்டாகப் போகக் கூடாது என்று அடம்பிடித்து அந்த விதியை வாங்கியவன் நானே. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

இந்த வருடம் எதிர்க்கட்சித் தலைவியாக இருந்த பெண் மசோதா கொண்டு வந்தாள். இனிமேல் மாதிரி சட்டமன்றத்தைப் பொறுப்பாசிரியர் இல்லாமல் மாணவர்களே நடத்துவார்கள் என்று.

அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டேன். நான் பழக்கியவர்களில் அவளுக்கு இணை கிடையாது. மசோதாவைக் கொடுப்பதற்கு முன் என்னிடம் வந்து சொன்னாள்.

"சார், கோவப்படாதீங்க. உங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீங்க இருந்தா, உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் பேசுறோம்."

நான் கெஞ்சினேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. "இந்த ஒரு வருஷம் விட்டுரும்மா. எனக்கு வேற என்ன இருக்கு?" என்றேன். கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் கலங்கியது.

"அவையில எடுக்க வேண்டிய முடிவ வெளிய பேசி முடிக்கிறது தப்புன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க," என்றாள்.

தலைமையாசிரியரிடம் ஓடினேன். "பிள்ளைங்க நிறைவேத்திட்டா நான் என்ன சார் பண்றது? நீங்க வச்ச விதி," என்று கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துக் கூட்டிப் பார்ப்பேன். எப்படிக் கூட்டினாலும் ஒரே ஒரு வாக்கில் அது நிறைவேறியது. அந்த அரங்கத்துக்கு வெளியே நான் யார்? பாடம் நடத்தும்போது பாதி வகுப்பு சன்னலைப் பார்க்கும் ஒரு வாத்தியார்.

கடைசி வாரம் வழக்கம்போலப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். வாக்கெடுப்பைக் குலைக்கும் தந்திரங்கள் என்பது தலைப்பு. உடம்புக்கு முடியாததுபோல நடிப்பதுதான் அதில் பழைய தந்திரம், வாக்கெடுப்பு மணி அடித்துவிட்டால் யார் இருமினாலும் விழுந்தாலும் இடத்தைவிட்டு அசையாதீர்கள் என்றேன். ஒரு பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து காட்டினான். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

கடைசி நாள் காலை அரங்கத்தை நானே ஒழுங்குசெய்தேன். மேடைக்குப் பின்னால் கனத்த பழைய திரைகள் கிடந்தன. உள்ளேயே உதறி, சன்னல்களைச் சாத்தி, அவற்றை மாட்டினேன். சட்டமன்றம் என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா. தூசி பறந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

தாளும் பேனாவும் தவிர எதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது என்பது விதி. அவளுடைய இன்ஹேலருக்கு மட்டும் எப்போதும் விலக்கு கொடுத்து வந்தேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சுத் தொந்தரவு, தூசி ஆகாது. அன்று கையை நீட்டினேன்.

"இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே விதிம்மா. எங்கிட்டயே இருக்கட்டும். வேணும்னா கேளு."

கொடுத்துவிட்டாள். என்னை நம்பினாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இடையிடையே இருமினாளே தவிர ஒரு வாதமும் சிதறவில்லை. சபாநாயகராக இருந்த பையன் மணி அடித்தான். மணி அடித்தால் முடிவு அறிவிக்கும்வரை கதவு திறக்காது. பெரியவர்களில் நான் மட்டுமே உள்ளே இருப்பேன். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அவையில் எழுந்து நிற்பதுதான் வாக்கு. எதையும் பிடிக்காமல், எதிலும் சாயாமல் நிற்க வேண்டும். கொள்கை என்று வந்தால் சொந்தக் காலில் நிற்கத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தேன்.

ஆதரிப்பவர்கள் எழுந்தார்கள். அவளால் எழ முடியவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எதிர்ப்பக்கம் ஒருவன் "நல்லா நடிக்கிறாடா" என்று சிரித்தான். சபாநாயகர் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், நெஜமாவே முடியல போல. கதவத் திறங்க சார்."

"மணி அடிச்சாச்சு. எண்ணுப்பா," என்றேன்.

அப்போது அவள் எழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பையன் அவளையும் சேர்த்து எண்ணப் போனான். நான் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினேன். சாய்ந்து நிற்பது நிற்பதாகாது என்றேன்.

அது அவள் காதில் விழுந்தது. பெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். பையன் அவள் வரிசைக்கு வருவதற்குள் விழுந்துவிட்டாள்.

அதன் பிறகு எதிர்ப்பவர்களையும் எண்ண வேண்டுமல்லவா. பிள்ளைகள் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள், பையன் அழுதான், அதனால் நானே எண்ணினேன். இரு பக்கமும் சமம். சமமானால் மசோதா தோற்றதாகத்தான் பொருள். முடிவை அறிவித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். இன்ஹேலர் என் பையிலேயே இருந்தது. வேண்டுமென்றால் கேட்கச் சொல்லியிருந்தேன், அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். திரை, சன்னல், பயிற்சி வகுப்பு, எல்லாமே. அவள் அன்று எழுந்து நிற்கக் கூடாது, எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. செத்துவிடுவாளோ என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் எண்ணினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பிள்ளைகள் என்னை வெறுக்கிறார்கள் என்று சற்று முன் சொன்னீர்கள். நீங்கள் அங்கே இல்லை. அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்து அரங்கத்தின் நடுவாகக் கொண்டு போனார்கள். அதற்குப் பின்னாலேயே உங்கள் ஆட்கள் என்னை நடத்திக் கூட்டி வந்தார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே இல்லை. ஒருவரும் பெஞ்சைப் பிடிக்கவில்லை, ஒருவரும் எதிலும் சாயவில்லை. யாரும் எழச் சொல்லவும் இல்லை. ஒரு வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?