கேரம் போர்டா, லூடோவா

ரோசலின்: ...இல்ல, அந்தப் பெருசுதான் வேணும். கேரம் போர்டு.

இருதயநாதன்: லூடோ போதும்னுல்லா சொல்லுதேன். காதுல விழலையா?

ஜம்புலிங்கம்: என்னண்ணே, என் கடைக்குள்ள நுழைஞ்சதுலேருந்து இதே சண்டையா! ஆடப்போறது யாரு?

ரோசலின்: எங்க மக செல்வி. பதினாலு வயசு நடக்கு.

ஜம்புலிங்கம்: அவ்வளவு பெரிய புள்ளைக்கு லூடோவா? நாலு நாள்ல சலிச்சுரும். கேரம்னா கல்யாணம் ஆகிற வரைக்கும் வெச்சு ஆடலாம். பலகையத் தடவிப் பாருங்க, மெயின்லேண்ட் சரக்கு, நம்ம தீவுல செஞ்சதில்ல. போன கப்பல்ல வந்தது.

இருதயநாதன்: பலகை நல்லாத்தான் இருக்கு...

ஜம்புலிங்கம்: பின்ன?

இருதயநாதன்: சிப்பிகாட்டுல வீடு வரைக்கும் இத யாரு சொமக்க?

ஜம்புலிங்கம்: அட, பஸ்சு மேல கட்டிரலாம்ணே!

இருதயநாதன்: அதில்ல... அவளுக்கு உடம்பு சரியில்ல. படுக்கையிலதான் கெடக்கா. லூடோன்னா தலையணைமேல விரிச்சு இன்னைக்கே ஆடலாம். இதுக்கு எந்திரிச்சு உக்காரணும். ஸ்ட்ரைக்கர் அடிக்க விரல்ல தெம்பு வேணும்...

ரோசலின்: தெம்பு வராதா? டானிக் குடிச்சா சரியாப்போகும்னு டாக்டர் சொன்னதா நீங்கதான சொன்னீக?

இருதயநாதன்: சொன்னாரு... சொன்னாருல்லா.

ரோசலின்: அப்ப சரியான பொறவு ஆடட்டும்.

இருதயநாதன்: சரியான பொறவு வாங்குவோம். கேரம் எங்க ஓடியா போயிரும்?

ஜம்புலிங்கம்: மழை புடிச்சிட்டா கப்பலு எப்ப வருமோண்ணே. ஜல்தி சொல்லுங்க. நான் உள்ள போயி காயும் பவுடரும் எடுத்தாரேன்.

இருதயநாதன்: வேணாம், இரு...

ரோசலின்: நீங்க போங்கண்ணே. எடுத்துட்டு வாங்க.

இருதயநாதன்: அடுத்தவன் கடையில வந்து பிடிவாதம் புடிக்காத ரோசலி.

ரோசலின்: நீங்க ஏன் என் மொகத்தப் பாக்காம பேசுதீக?

இருதயநாதன்: பாத்துத்தான பேசுதேன்.

ரோசலின்: கண்ணு ஏன் கலங்குது?

இருதயநாதன்: தூசி... கடை பூரா தூசி.

ரோசலின்: அந்த டாக்டர் அவ்வளவு நேரம் இந்தியில பேசுனாரு. நீங்க எனக்குத் தமிழ்ல சொன்னது ஒத்த வரி. ரத்தம் கம்மி, டானிக் குடிக்கணும்.

இருதயநாதன்: டாக்டருங்க இழுத்து இழுத்துத்தான் பேசுவாங்க. உனக்குத்தான் இந்தி தெரியாதே, அதான் சுருக்கமா...

ரோசலின்: தெரியாதுதான். "கித்னா", "நஹி"க்கு மேல எனக்கு ஏறல. ஆனா அவரு "பாரிஷ் தக்"னு சொன்னாருல்லா? மழை வரைக்கும்னு?

இருதயநாதன்: ...யாரு சொன்னா உனக்கு?

ரோசலின்: கத்தாதீக. கடைக்காரரு வந்துருவாரு.

இருதயநாதன்: கேக்கேன்ல! அந்த நர்சா? பக்கத்து வீட்டு கஸ்பார் பொண்டாட்டியா? ஒத்தையா கடக்கரையில போயி அழுதுட்டு வந்தேனே தவிர, ஒரு ஆளுகிட்ட நான் வாயத் தொறக்கலயே...

ரோசலின்: தெரியும். சட்டையெல்லாம் மண்ணா வருவீகளே.

இருதயநாதன்: நீ தாங்கமாட்டன்னுதான் மறைச்சேன். தெரிஞ்சுமா கேரம் கேக்க? யாரு ஆட? மழைக்குப் பொறவு அந்தப் பலகைய சொவத்துல சாத்தி வெச்சு நான் பாத்துக்கிட்டே கெடக்கணுமா?

ரோசலின்: நான் கேக்கல. அவ கேட்டா.

இருதயநாதன்: செல்வியா...?

ரோசலின்: டாக்டர் சொன்னப்ப அவ தூங்கலங்க. கண்ண மூடிட்டுக் கெடந்துருக்கா. பள்ளிக்கூடத்துல இந்தி படிச்ச புள்ள... அவதான் எனக்கு ஒண்ணுவிடாம தமிழ்ல சொன்னா. அப்பாகிட்ட காட்டிக்காதம்மான்னா. "லூடோன்னா படுத்துக்கெடக்குற எனக்கு மட்டுந்தான் ஆகும். கேரம் வாங்கு. பொறவு நீயும் அப்பாவும் எதிரெதிரா உக்காந்து ஆடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டீக"ன்னா.